வீட்டுமனையும் மேல்முறையீடும்

நம் சங்கத்தின் இரவுப் பாடசாலை நடைபெறும் அறையில் பழைய மரப்பெட்டி ஒன்று உண்டு. அதனுள் இருப்பவை பெரும்பாலும் மனுக்களின் படிகள். வீட்டுமனைப் பட்டா வேண்டியும், தொகுப்பு வீடு வேண்டியும், பட்டியலில் விடுபட்ட பெயரைச் சேர்க்க வேண்டியும் நம் மக்கள் எழுதுவித்துக் கொண்டுபோன விண்ணப்பங்கள் அவை. பாடம் படிக்க வந்த பிள்ளைகளைக்கொண்டே அவற்றுட் பலவற்றை எழுதச் செய்தோம். வெள்ளி விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, அப்பெட்டியின் நினைவே நமக்கு முதலில் எழுந்தது. மன்னர்களின் வரலாற்றை எழுதுவோர் பலர். மனுக்களின் வரலாற்றை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

வீடு கட்டித் தரும் திட்டங்களை அரசு அண்மைக் காலத்தில் மனமிரங்கி அளித்த கொடை என்றே நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். கொடை என்று எண்ணுபவன், கொடுக்க மறுத்தவரை ஏன் என்று கேட்கத் துணியமாட்டான். ஆகவே குடியிருப்பு மனை என்னும் உரிமை எப்படி வந்தது, அதனைத் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்யும் இடம் காலந்தோறும் எவ்வாறு மாறியது, மறுத்தவரைக் கடந்து மேலே செல்லும் வழி எப்பொழுது திறந்தது என்பவற்றை ஈண்டுக் கூற முற்படுகிறோம்.

காலடி மண்ணும் பிறருடையதாக இருந்த காலம்

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை ஒன்று எழுதினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் அரசாணை பிறந்தது என்பதும், பஞ்சமி நிலம் என்று இன்று நாம் வழங்கும் நிலங்களின் வரலாறு அதனின்றே தொடங்குகிறது என்பதும் பலரும் அறிந்த செய்திகள். அவ்வறிக்கையின் மற்றொரு பகுதியைப் பலரும் அறியார். விளைநிலம் இல்லாமை ஒருபுறம் இருக்க, உழைப்பவன் குடியிருக்கும் குடிசையின் அடிமனையே மிராசுதாரின் பிடியில் இருந்தது என்பதை அவர் அதில் எடுத்துக்காட்டினார். புறம்போக்குத் தரிசைத் தனக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒருவன் அரசுக்கு விண்ணப்பித்தால், அன்றைக்கே அவனை வீட்டை விட்டு வெளியேற்றிவிடலாம். இந்த ஒரு மிரட்டல் போதும். விண்ணப்பம் எழுதப்படாமலே போய்விடும்.

இதனை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கூலி உயர்வு கேட்பதற்கும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும், வேறு ஊரில் வேலை தேடிச் செல்வதற்கும், நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்கும் தடையாக நின்றது ஒரு குடிசை நிற்கும் அளவுள்ள மண்தான். மனை தனதாகாத வரையில் மற்ற உரிமைகள் அனைத்தும் ஏட்டளவில் நின்றன. தஞ்சை மாவட்டத்தில் ஆதிதிராவிடருக்கு மனை வாங்கித் தரும் முயற்சிகளுக்கு மிராசுதாரர்கள் அவ்வளவு கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்ததன் காரணமும் இதுவே. நிலத்தின் விலை அவர்களுக்குப் பெரிதன்று. ஆள் கைவிட்டுப் போவதுதான் பெரிதாகப் பட்டது.

1920ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் என்னும் பதவி ஏற்படுத்தப்பட்டது. பெயர் தொழிலாளர் ஆணையர் என்றாலும், ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலனே அத்துறையின் பெரும்பணியாக அமைந்தது. மனைக்கு வேண்டிய நிலத்தை உடையவர் விலைக்குத் தர இசைந்தால் வாங்குவது, இசையாவிடின் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் வழியே எடுப்பது என்பது அத்துறையின் நடைமுறை. பல இடங்களில் நம் முன்னோர் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து, மனையின் விலையைத் தவணை தவணையாக அரசுக்குச் செலுத்தினர். ஆம், இலவசமாகப் பெறவில்லை. கூலியிலிருந்து மிச்சம் பிடித்துக் கட்டினர். இலவசம், இலவசம் என்று நம்மை ஏசுவோருக்கு இச்செய்தியைச் சொல்லி வையுங்கள்.

அக்காலத்துச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினர்களாக அமர்ந்த எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் ஆகியோர் நம் மக்களின் மனை, கிணறு, பாதை ஆகியவை குறித்துக் கேள்விகள் கேட்டனர், தீர்மானங்கள் கொண்டுவந்தனர். ஊரில் மறுக்கப்பட்டதைச் சட்டமன்றத்தில் கேட்டது, ஒருவகையில் நம் முதல் மேல்முறையீடு என்றே நமக்குத் தோன்றுகிறது. ஊரில் எவரும் பதில் சொல்லத் தேவையில்லாதிருந்த ஒரு செயலுக்கு, சென்னையில் ஓர் அமைச்சர் எழுந்து நின்று பதில் கூற வேண்டியதாயிற்று.

சட்டங்கள் வந்தன

விடுதலைக்குப் பிறகும் நெடுநாள் வரையில் குடியிருப்பு மனையின் நிலை பெரிதும் மாறவில்லை. 1961ஆம் ஆண்டில், குடியிருப்பில் வாழ்வோரை வெளியேற்றுவதிலிருந்து பாதுகாக்கும் சட்டம் தமிழகத்தில் இயற்றப்பட்டது. பாதுகாப்பு வேறு, உடைமை வேறு. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில் கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, ஒரே குடிசையில் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீயிட்டுக் கொளுத்தப்பட்டனர். அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு உடைமைச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு அம்மனை அவனுக்கே சொந்தம் என்று அச்சட்டம் கூறிற்று. கீழைத் தஞ்சையில் அதன் பயன் பெரிது. கரிசற் பூமியாகிய நம் பகுதியில் பண்ணைக் குடியிருப்பு அத்துணை மிகுதியன்று. நத்தத்தின் ஓரத்திலும் ஓடைப் புறம்போக்கிலும் நெருங்கி வாழ்ந்தவர்களே நம்மில் அதிகம். ஆகவே நமக்கு வேண்டியிருந்தது புதிய மனை.

அதற்கான கருவியாக இரண்டு ஏற்பாடுகள் 1970களில் உருவாயின. 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு இன்று தாட்கோ எனப்படும் கழகம், முதலில் நம் மக்களுக்கு வீடு கட்டித் தருவதற்கென்றே தோன்றிய நிறுவனம். அதன் முதற் பெயரிலேயே வீட்டு வசதி என்னும் சொல் இருந்தது. மற்றொன்று 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரிசன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம். அரிசனர் என்னும் சொல்லை அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை, நாமும் ஏற்பதில்லை. சட்டத்தின் பெயர் அவ்வாறு இருப்பதால் எழுதுகிறோம். பழைய நில எடுப்புச் சட்டத்தின் நீண்ட படிகளைச் சுருக்கி, நில உடைமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் கூறுவதைக் கேட்டு, மாவட்ட அரசிதழில் வெளியிட்டு, நிலத்தை விரைவாக எடுக்க இச்சட்டம் வழி செய்தது.

நிலம் இழந்தவர்கள் வாளா இருப்பார்களா? சட்டமே செல்லாது என்று வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்ய, 1994 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஆனந்தி அம்மாள் வழக்கில் சட்டத்தை நிலைநிறுத்தியது. இழப்பீட்டைத் தவணைகளில் கொடுக்கலாம் என்ற பகுதியை மட்டும் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே, 1995 டிசம்பரில், உத்தரப் பிரதேசத்து வழக்கொன்றில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. தாழ்த்தப்பட்டோருக்கு வீடு கட்ட நிலம் எடுத்ததை எதிர்த்துச் சமேலி சிங் என்பவரும் பிறரும் தொடுத்த வழக்கு அது. உறைவிடம் என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டுமன்று. போதிய இடம், வெளிச்சம், காற்று, நல்ல நீர், மின்சாரம், கழிவு வசதி, சாலை ஆகியவையும் அதனுள் அடங்கும் என்றும், அது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றும் நீதிமன்றம் விளக்கியது. இளைஞர்கள் மனு எழுதும்பொழுது இத்தீர்ப்பை நினைவிற் கொள்வது நலம்.

ஆயினும் சட்டம் நிலைத்ததனால் மட்டும் மனை கைக்கு வந்துவிடவில்லை. 2006ஆம் ஆண்டில் பாரி என்பவரின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, விசாரித்த அலுவலரின் அறிக்கைப் படியை நில உடைமையாளருக்குத் தர வேண்டும் என்று கூறியது. கூறியதில் குறையொன்றும் இல்லை. கேட்கப்படும் உரிமை எல்லோருக்கும் பொது. ஆனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருவர் ஒரு காகிதத்தை அனுப்ப மறந்ததனால் எடுப்பு முழுவதும் வீழ, ஒப்படைப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் காத்திருந்தபடியே நிற்க நேரும். 2019 ஜூலையில் இச்சட்டம் மீண்டும் ஒருமுறை, 2013ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டத்தோடு முரண்பட்டதாக உயர்நீதிமன்றத்தில் வீழ்ந்தது. அதே ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் அதற்கு மறு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இச்சட்டம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக் கொண்டிருந்தது. அவ்வழக்குகளுட் பெரும்பாலானவற்றில் மனை பெறவேண்டியவர்கள் கட்சிக்காரர்களாகக் கூட இல்லை. அரசும் நில உடைமையாளரும் வழக்காட, நாம் வெளியில் நின்றோம். நம் கல்விச் சங்கங்கள் வழக்கறிஞர்களை உருவாக்க வேண்டும் என்று நாம் ஓயாது வற்புறுத்துவது இதனால்தான்.

இடையில் ஒரு சொல். இத்திட்டங்களால் எழுந்த குடியிருப்புகளுக்குக் காலனி என்று பெயர் வந்தது. சேரி என்ற சொல்லின் இழிவைப் போக்க வந்த சொல், சில ஆண்டுகளுக்குள் தானும் அவ்விழிவையே சுமந்தது. 2025 ஏப்ரலில் அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர் மாறுவது நன்று. ஊருக்கு வெளியே மனை ஒதுக்கும் வழக்கமும் மாறினால் மிக நன்று.

முடிவு ஊராட்சிக்கு வந்தபொழுது

அரசியல் நிருணய சபையில் 1948 நவம்பர் 4ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆற்றிய உரையில், கிராமத்தை அரசியலின் அடிப்படை அலகாகக் கொள்ள மறுத்தார். கிராமத்தைப் போற்றியோர் அன்று அவரைக் கடுமையாகச் சாடினர். அவர் அஞ்சியது என்ன? கிராமத்தின் கையில் அதிகாரம் என்றால், அது கிராமத்தில் ஏற்கெனவே அதிகாரம் உடையவர் கையில் அதிகாரம் என்பதே.

நாம் கிராம ஆட்சிக்குப் பகைவர் அல்லர். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டபொழுது, நம் மக்களுக்கும் மகளிருக்கும் தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டன. அது பெரும் மாற்றம். ஆனால் 1996ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு நிகழ்ந்தவற்றை மறக்கலாகாது. மதுரை மாவட்டத்து மேலவளவில், தனித் தொகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் உடன் ஐவரும் 1997 ஜூன் 30ஆம் நாள் கொலையுண்டனர். அவர்கள் அன்று ஆட்சியரைக் கண்டு முறையிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தனர். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில், தலைவர் பதவி நம்மவருக்கு ஒதுக்கப்பட்டமையால் பத்தாண்டுகள் முறையான ஊராட்சி நடைபெறவில்லை. 2006 அக்டோபரில்தான் அந்நிலை மாறியது.

அந்தப் பத்தாண்டுகள் எத்தகையவை என்று எண்ணிப் பாருங்கள். 1985–86இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம், முதலில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1993–94 முதல் பிற ஏழைகளுக்கும் விரிந்தது. 1996 ஜனவரியில் தனித் திட்டமாயிற்று. பயனாளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கிராம சபைக்கு உரியது என்றும் ஆயிற்று. தமிழகமெங்கும் சபை கூடிப் பெயர் சொல்லும் முறை வேரூன்றிய அந்த ஆண்டுகளில்தான், நம் மாவட்டத்தின் ஓர் ஊராட்சி, நம்மவர் தலைவராகக் கூடாது என்ற ஒரே காரணத்திற்காக, முறையான மன்றமின்றிக் கிடந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு; இதனைப் பலர் கவனிப்பதில்லை. 2016இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டமாக மாறியது. 2011ஆம் ஆண்டுச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து பெயர்ப்பட்டியல் எடுக்கப்பட்டு, கிராம சபையால் சரிபார்க்கப்பட வேண்டும் என்பது விதி. விடுபட்டவர்களைச் சேர்ப்பதற்கான கணக்கெடுப்பு 2018 ஜனவரியிலிருந்து 2019 மார்ச்சு வரையில் நடந்தது. நம் ஊராட்சிகளின் நிலை அப்பொழுது என்ன? 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரையில் தேர்தல் நடைபெறவே இல்லை. தனி அலுவலர்களே பொறுப்பில் இருந்தனர். நம் பெயர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று முடிவான அந்த ஆண்டுகளில், நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவரோ உறுப்பினரோ எவரும் இல்லை. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலமும் 2025 ஜனவரி 5ஆம் நாளுடன் முடிய, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தனர்.

தன் வழக்கிற்குத் தானே நீதிபதி

இவ்விடத்தில் கடல் கடந்த நாடொன்றின் செய்தியைச் சொல்லுதல் பொருத்தமாகும். இங்கிலாந்தில் ஏழைகளின் வீட்டு வாடகைக்கு உதவித்தொகை அளிக்கும் திட்டம் 1982–83இல் ஏற்பட்டது. அதனை வழங்குவோர் அந்தந்த ஊர் நகர மன்றத்தினர். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மறுஆய்வுக் குழுவிடம் முறையிடலாம். அக்குழுவில் அமர்ந்தவர் யாவர் என்று நினைக்கிறீர்கள்? அதே நகர மன்றத்தின் உறுப்பினர்களே.

எத்தியோப்பியாவிலிருந்து 1993இல் இலண்டனுக்கு வந்து குடியேறிய பெண்ணொருவர், ஆங்கிலம் நன்கு அறியாதவர், 1998இல் உதவித்தொகையைப் புதுப்பிக்கும் படிவத்தைக் காலங்கடந்து கொடுத்தார். தக்க காரணம் இல்லை என்று நகர மன்றம் பழைய மாதங்களுக்கான தொகையை மறுத்தது. அவர் மறுஆய்வுக் குழுவிடம் சென்றார். அந்நகர மன்றத்தின் உறுப்பினர் மூவர் அமர்ந்து, அவர் கூறியது நம்பத்தக்கதன்று என்று தள்ளினர். அவர் விடவில்லை. திராசுபர்க்கு நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. பணம் கொடுக்க வேண்டிய மன்றத்தின் உறுப்பினர்களே அமர்ந்து தீர்ப்புக் கூறுவது நடுநிலையான விசாரணை ஆகாது என்று 2006 நவம்பர் 14ஆம் நாள் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2001 ஜூலையில், இங்கிலாந்து அரசு அம்மறுஆய்வுக் குழுக்களைக் கலைத்துவிட்டுத் தனித் தீர்ப்பாயங்களுக்கு அப்பணியை மாற்றியிருந்தது. மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் தருவதும், மேல்முறையீட்டுக்கு உரிய காலத்தை அதிலேயே குறிப்பதும் அங்கே மன்றத்தின் கடமை.

செல்வம் மிக்க நாட்டில், ஒரு சில மாதத்து வாடகைப் பணத்திற்காக, மொழி தெரியாத ஒரு பெண் எட்டாண்டுகள் போராடினார். நம் நாட்டில் இத்தகைய ஏற்பாடே இல்லையா என்றால், உண்டு. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தின் விதிகளில், பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கினால் அதற்கான காரணம் பதியப்பட வேண்டும் என்று உள்ளது. நீக்கப்பட்டவர் மாவட்ட அளவிலான மேல்முறையீட்டுக் குழுவிடம் செல்லலாம். ஆட்சியர் அல்லது அவர் நியமிக்கும் அலுவலர், வேறு துறையைச் சேர்ந்த ஓர் அலுவலர், அரசுப் பணியில் இல்லாத ஒருவரேனும் அக்குழுவில் இருத்தல் வேண்டும். ஊராட்சி மன்றத் தீர்மானம் சட்டத்திற்கு முரணானது என்று கண்டால் அதனை நிறுத்தி வைக்கும் அதிகாரமும், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில், ஆட்சியருக்கு உண்டு. ஏற்பாடு உண்டு; அது உண்டு என்று அறிந்தவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்?

நம்மவரின் வழக்கம் வேறு. மறுத்தவரிடமே மறுபடியும் சென்று நிற்பது. எழுத்தில் எதையும் கேளாமல், வாய்வார்த்தையாக அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்று அவர் சொல்வதைக் கேட்டுத் திரும்புவது. ஆண்டுகள் ஓடும். வாய்ச்சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது.

மோட்டார் சைக்கிள் ஒன்றின் கதை

சிவகாசியை ஒட்டிய நம் விஸ்வநத்தத்திலும் சுற்றுப்புறங்களிலும் வீடு என்பது உறங்குவதற்கு மட்டும் உரிய இடம் அன்று. தீப்பெட்டி ஒட்டுவதும், காகிதக் குழாய் உருட்டுவதும் வீட்டுத் திண்ணையிலும் வாசலிலும் நடப்பவை. மழை பெய்து கூரை ஒழுகினால் காகிதம் நனையும். காகிதம் நனைந்தால் அன்றைய கூலி போகும். பட்டாசுத் தொழிற்சாலையில் மருந்து தோய்ந்த உடையோடு ஓலைக் கூரையின் கீழ் வந்து படுப்பவரின் அச்சத்தை வெளியூரார் எளிதில் உணரமாட்டார். 25 சதுர மீட்டர் பரப்புள்ள காரை வீடு ஒன்று இத்தொழிலாளிக்கு என்ன பொருள் தரும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியைச் சேர்ந்த ஓர் அம்மையார் பாடசாலைக்கு வந்தார். கணவரை இழந்தவர், ஓலைக்கூரை வீடு. பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது, பின்னர் இல்லை. காரணம் கேட்டபொழுது, மேலிடத்தில் எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் கூறினார்களாம். நாம் அவருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதினோம். 2005ஆம் ஆண்டின் அச்சட்டப்படி 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும்; கட்டணம் பத்து ரூபாய். பெயர் நீக்கத்தின் காரணமும், அதனை ஏற்ற கிராம சபைத் தீர்மானத்தின் படியும், கலந்துகொண்டோர் கையொப்பப் பக்கமும் வேண்டும் என்று கேட்டோம்.

முதல் 30 நாட்களில் விடை வரவில்லை. முதல் மேல்முறையீடு எழுதினோம். பிறகு வந்தது. இயந்திர இருசக்கர வாகனம் உள்ள குடும்பம் என்பது காரணம். வாகனம் இருந்தது உண்மைதான். தொழிற்சாலைக்கு விடியற்காலையில் போய்ச் சேரப் பேருந்து வசதி இல்லாமையால், அவருடைய மகன் தவணைக்கு வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் அது. அன்றைய விதியில் இருசக்கர வாகனம், குளிர்பதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி, மாதம் ரூ.10,000க்கு மேல் ஈட்டும் உறுப்பினர் ஆகியவற்றுள் எது இருந்தாலும் பெயர் தானே நீங்கிவிடும். தொழிலாளி வேலைக்குப் போவதற்கு வாங்கிய வண்டியே அவனுக்கு வீட்டை மறுக்கும் சான்றாயிற்று.

தீர்மானத்தின் படியைப் பார்த்தபொழுது வேறொன்றும் தெரிந்தது. தகுதியற்றோர் பெயர்கள் நீக்கப்பட்டன, ஆட்சேபணை இல்லை என்று ஒரே வரி. எவர் பெயர், எதனால் என்ற விவரம் அதில் இல்லை. கையொப்பப் பக்கத்தில் நம் தெருவினர் மூவர் பெயரே காணப்பட்டது. அந்தச் சபை நடந்த நாளில் நம் தெருவில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றிருந்தனர். இதில் பிறரை மட்டும் குறை கூற நாம் விரும்பவில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும், 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடும் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் நாம் போகவில்லை.

மேல்முறையீட்டுக் குழுவுக்கு விண்ணப்பித்தோம். காரணம் தனித்தனியே பதியப்படவில்லை என்பதையும், வாகனத்தின் தவணைக் கடன் விவரத்தையும் எழுதினோம். அம்மையாரும் மகனும் விருதுநகருக்கு இருமுறை சென்று வந்தனர். இரண்டு நாள் கூலி போயிற்று. விதி விதிதான் என்று குழு கூறிவிட்டது. ஆனால் கூறியதை எழுத்தில் தந்தது. அதிகாரியின் கையொப்பமும் நாளும் அதில் இருந்தன. தோற்றுவிட்டோம் என்று அம்மையாரின் மகன் வருந்தினார். அவ்வாறு கருத வேண்டாம் என்று நாம் கூறியபொழுது, அதனை ஆறுதல் மொழி என்றே அவர் எண்ணியிருப்பார்.

2024ஆம் ஆண்டில் மத்திய அரசு அவ்விதியைத் திருத்தியது. இருசக்கர வாகனமும் குளிர்பதனப் பெட்டியும் தரைவழித் தொலைபேசியும் இனித் தடையாகா. மாத வருவாய் வரம்பு ரூ.15,000 ஆக உயர்ந்தது. நாடெங்கும் மறுக்கப்பட்ட பலர் பலவாறாக முறையிட்டதும் இத்திருத்தத்திற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது நம் எண்ணம். அதே ஆண்டில் தமிழக அரசு, 2030ஆம் ஆண்டுக்குள் எட்டு இலட்சம் வீடுகள் என்னும் இலக்கோடு, வீடொன்றுக்கு ரூ.3.50 இலட்சம் வீதம் கலைஞரின் கனவு இல்லம் என்னும் திட்டத்தையும் தொடங்கியது.

விதி மாறிய செய்தி வந்த வாரத்திலேயே மரப்பெட்டியைத் திறந்தோம். மறுப்பாணையின் படி அதில் இருந்தது. மறுத்ததற்கு ஒரே காரணம் வாகனம் என்றும், வேறு தகுதிக் குறைவு எதுவும் இல்லை என்றும் அந்த ஆணையே சான்று பகர்ந்தது. அதனை இணைத்துப் புதிய விண்ணப்பம் எழுதினோம். இம்முறை எழுதியவள் அவ்வம்மையாரின் பேத்தி. நம் இரவுப் பாடசாலையில் பத்தாம் வகுப்புப் பாடம் படிப்பவள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் அவளே பாட்டியை அழைத்துச் சென்று மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு தரும் வரையில் அங்கேயே நின்றிருந்து வாங்கி வந்தாள். அச்சீட்டின் ஒரு படி பெட்டியில் உள்ளது. அடுத்த கிராம சபையில் பட்டியல் படிக்கப்படும்பொழுது நம் தெருவிலிருந்து நாற்பது பேராவது அமர்ந்திருப்பது என்று சங்கத்தின் செயற்குழு முடிவு செய்துள்ளது; அன்று வேலைக்குப் போகாதவர்களின் கூலி இழப்பை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பது மட்டும் இன்னும் பேசி முடிக்கப்படவில்லை.